பன்றிக்கு முன்னால் நான் சொன்ன 'விடு'

ஒரு சொல்லைச் சொன்னவளுக்கே, அதைத் தான் எந்தப் பொருளில் சொன்னோம் என்பது தெரியாமல் போகுமா?

இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கோப்பை கழுவும்போதும், மகனை நித்திரையாக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவை ஒரு பொருள் வருகிறது. மறு தடவை அதற்கு நேர் எதிரான பொருள் வருகிறது.

போன கிழமை நான் எழுதிய காய்ச்சல் கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் காற்றுக்கும் பயப்படுகிறீர்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் இன்று எழுதப் போகிற பயத்துக்கு நாலு காலும், முதுகு நிறைய முள்ளுப் போன்ற மயிரும் இருந்தன.

வசந்தம் தொடங்கிய ஒரு ஞாயிறு காலை அது. ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகருக்குத் தெற்கே, காரில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் மலைக்காடு. இரவு பெய்த மழை மரங்களில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு வயது மகள் ஆரணி அம்பு விடும் இடத்தைக் காட்ட நிலத்தில் அடித்திருந்த ஒரு கட்டைக்குப் பக்கத்தில் வில்லோடு நின்றாள். நாணில் அம்பு ஏறியிருந்தது. கையை நீட்டினால் அவளுடைய தோளைத் தொடலாம் என்ற தூரத்தில் நான் நின்றேன்.

இடப்பக்கத்து முட்பற்றை அசைந்தது. அதற்குள் இருந்து ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்து எங்களைப் பார்த்து நின்றது.

ஆரணி வில்லோடு அதன் பக்கம் திரும்பினாள். நாண் இழுபட்டிருந்தது.

"விடு!" என்றேன்.

வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஸ்பொஞ் மான்கள்

எங்களைப் போன்ற ஒரு குடும்பம் வில்லும் கையுமாகக் காட்டில் என்ன செய்தது என்று நீங்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து என் மாமியும் கடிதத்தில் அதைத்தான் கேட்டிருந்தார்.

எல்லாம் ஒரு பிறந்தநாளில் தொடங்கியது. ஆரணியின் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை லேனா. லேனாவின் தாய் பிர்கிட் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். நல்ல உயரம். சிரித்தால் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் புறாக்கள் எழும்பிப் பறக்கும். இவள் ஒரு வேட்டைக்காரி என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் நான் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

பிறந்தநாள் முடிகிற நேரம் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். பின்வளவில் வைக்கோலைச் சுருட்டி ஒரு இலக்கு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆரணியின் முறை வந்தது.

என் மகளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சோறு தின்னும்போதும் ஒரு காலில் நிற்பவள். பின்னல் போட்டு முடிப்பதற்குள் மூன்று தரம் எழும்பி ஓடுபவள். அவள் வில்லை எடுத்தாள். நாணை இழுத்தாள். அப்படியே நின்றாள். நான் வேலியோரம் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய முகத்தை அவ்வளவு அமைதியாக, நித்திரையில் தவிர, நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அம்பு வைக்கோலுக்குப் போகவில்லை. ரோசாச் செடிக்குள் போனது. ஆனால் அந்த முகத்தை நான் கண்டுவிட்டேன்.

பிர்கிட் என்னிடம் தன் வில்லைக் காட்டினாள். பழைய முறை வில். சில்லு இல்லை, குறி பார்க்கும் கண்ணாடி இல்லை. ஒரு மரமும் ஒரு நாணும். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் அவளுடைய சங்கத்தார் ஒரு காட்டுத் துண்டை வாடகைக்கு எடுத்து, இறுகிய ஸ்பொஞ்சில் செய்த மிருகங்களை மரங்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மான், கரடி, நரி, பன்றி. காட்டுக்குள் நடந்து நடந்து அவற்றுக்கு அம்பு விடுவார்கள். பிறகு தாங்களே போய் அம்பைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள்.

"சின்னப் பிள்ளைகளுக்கும் வில் இருக்கிறது. ஞாயிறு ஆரணியை அழைத்துப் போகட்டுமா?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்பதை ஜேர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆரணி "ஓம்" என்றுவிட்டாள்.

உங்கட சாமிமார்

இந்த ஊரில் எனக்கு மூத்த அக்கா போல இருப்பவர் றோசா அக்கா. மன்னார்க்காரி. எங்களுக்கு முன்பே இங்கே வந்தவர். எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதில் இருந்து எந்தக் கடையில் முருங்கைக்காய் வரும் என்பது வரை அவரைக் கேட்டுத்தான் செய்வேன். இதையும் கேட்டேன்.

"வில்லோ? பொம்பிளைப் பிள்ளைக்கோ? உமக்கு என்ன விசரே? பரதத்துக்கு விடும். இல்லாட்டி வீணைக்கு விடும்."

"பரதத்துக்கும் போறாள் அக்கா."

"பேந்தென்ன? ஆடுற காலை விட்டிட்டு அம்பு விடப் போறாவோ?" என்றவர், தானே சிரித்தார். "ஆனா உங்கட சாமிமாரைப் பாத்தா ஒருத்தரும் வெறுங்கையோட நிக்கேல்லைத்தானே. வில்லு, வேல், சூலம். பிள்ளை அதைப் பாத்துத்தான் வளந்திருக்கு. எங்கட மாதா எண்டா பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு நிக்கிறா."

நானும் சிரித்தேன். ரெலிபோனை வைத்த பிறகு சமையலறைச் சாமிப்படக் கலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான்.

என் கணவர் சிரிக்கவில்லை.

அவர் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதிகம் கதைக்க மாட்டார். அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையின்ரை கையிலை ஆயுதம் வரக் கூடாது எண்டுதானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள். இஞ்சை வந்து நாங்களே எடுத்துக் குடுக்கிறதோ?"

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு என்று வெளிக்கிட்டவர், புத்தகங்களைச் சைக்கிள் கரியரில் கட்டியபடியே சைக்கிளை ஒரு சந்தியில் நிறுத்திவிட்டு இயக்கத்துக்குப் போனார். மீசை சரியாக அரும்பாத வயது. சைக்கிள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவர் வரவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம் மாட்டப்படவில்லை. மாட்டினால் அதற்கு மாலை போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டி வரும்.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சரி, வேண்டாம்' என்றுதான். கணவரின் சொல்லைத் தட்டாத பெண் என்றுதான் எனக்குப் பெயர். ஆனால் அந்த அமைதியான முகம் என் கண்ணுக்குள் நின்றது.

"அது விளையாட்டு வில்லு. ஸ்பொஞ் மிருகம். நாங்களும் கூடப் போவம். ஒருக்கால் பாத்திட்டுப் பிடிக்காட்டி நிப்பாட்டுவம்" என்றேன்.

அவர் வெகுநேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒருக்கால்" என்றார்.

அந்த ஒருக்கால், ஒவ்வொரு ஞாயிறும் ஆகிவிட்டது. இவரும் வந்தார். ஆனால் வில்லுப் பக்கம் வர மாட்டார். மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒரு மர வாங்கில் இருந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தபடி மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் நூலகத்துக்குப் போய் உண்ணி கடித்தால் என்ன செய்வது என்று படித்தேன். அம்பு முறிந்தால் சிராய் கண்ணில் படுமா என்று பிள்ளைகளின் வைத்தியரிடம் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சூடான காலுறை போடச் சொன்னார்.

வியர்வை

இந்த இடத்தில் பிர்கிட்டின் கனடாக் கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் சொன்ன ஜேர்மனை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். எனக்கு எவ்வளவு விளங்கியது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் அனுமதி எடுத்தால் வில்லால் வேட்டையாடலாமாம். அதற்காக ஓவர்ரைம் செய்து காசு சேர்த்து, புருஷனையும் லேனாவையும் வீட்டில் விட்டுவிட்டு இவள் ஒரு சிநேகிதியோடு போயிருக்கிறாள். என் மைத்துனியும் கனடாவில்தான். அவளுக்கு இதைச் சொன்னபோது, "நாங்கள் இஞ்சை அப்பார்ட்மென்ரிலை எலிக்குப் பயந்து இருக்கிறம்" என்றாள்.

"துவக்கால் சுடுவதென்றால் தூரத்தில் நிற்கலாம். வில்லுக்குத் தூரம் ஆகாது. அது மூச்சு விடுவது உனக்குக் கேட்க வேண்டும். அவ்வளவு கிட்டப் போக வேண்டும்" என்றாள் பிர்கிட்.

ஒரு விடியற்காலை, ஏரிக்கரைச் சதுப்பில் அவள் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாளாம். பனிப்புகாருக்குள் இருந்து ஒரு மூஸ் வந்தது. மானின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையை விட உயரம். கொம்பு ஒவ்வொன்றும் கதவுப் பலகை போல அகலம். நடந்தால் தண்ணீர் 'சளக் சளக்' என்கிறது. மூக்கில் இருந்து ஆவி வருகிறது. இவள் நாணை இழுத்துவிட்டாள். அது தலையைத் திருப்பி இவளைப் பார்த்தது. அதன் தோளுக்கு முன்னால் ஒரு சின்னக் கிளை. கிளையில் பட்டால் அம்பு விலகும். விலகினால் மிருகம் சாகாது, நாட்கணக்காக நோவில் திரியும்.

"என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"மெல்ல நாணைத் திருப்பி விட்டேன். அது இலை தின்றுகொண்டே போய்விட்டது. நான் அந்த மரத்துக்குப் பின்னால் இருந்து அழுதேன். ஏன் என்று கேட்காதே."

அவளுடைய சிநேகிதிக்கு வேறு ஒரு நாள் மான் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அம்பு பட்டு ஓடிய மானை இலைகளில் இருந்த 'ஷ்வைஸை'ப் பார்த்துப் பார்த்துத் தொடர்ந்து போனார்களாம்.

ஷ்வைஸ் என்றால் வியர்வை. மொழி வகுப்பில் உடல் உறுப்புகள் பாடத்தில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பாவம், ஓடி ஓடி வியர்த்திருக்கிறது என்று நினைத்தேன். இலையில் சொட்டிய வியர்வையைக் கண்டுபிடிக்க எவ்வளவு கூர்மையான கண் வேண்டும் என்று வியந்தேன். றோசா அக்காவுக்கும் சொன்னேன்.

"அவையளுக்கு நாய் மூக்கு" என்று அவர் முடித்துவிட்டார்.

பல கிழமைகளுக்குப் பிறகு லேனா விரலை வெட்டிக்கொண்டாள். பிர்கிட் பகிடியாக "ஐயோ, ஷ்வைஸ்!" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேட்டைக்காரர்கள் மிருகத்தின் இரத்தத்தை இரத்தம் என்று சொல்வதில்லையாம். வியர்வை என்பார்களாம்.

வீட்டுக்கு வந்து இதை இவருக்குச் சொன்னேன். மகனுக்குச் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே. சாவுக்கு எத்தினை பேர் வைச்சிருக்கினம்" என்றார். "பேரை மாத்தினால் சிவப்பு மாறுமே?"

சூப்பு வாசம்

இனி அந்த ஞாயிற்றுக்கு வருகிறேன்.

அன்று ஆரணியின் இலக்கு ஒரு ஸ்பொஞ் மான். பாதி அம்புகள் மானிலும் பாதி காட்டிலும் போயின. தவறிய ஒரு அம்பைத் தேடி பிர்கிட்டும் லேனாவும் வலப்பக்கச் சரிவில் கொஞ்சத் தூரம் இறங்கியிருந்தார்கள். "நாங்கள் திரும்பி வரும் வரைக்கும் யாரும் நாணில் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆரணி அம்பை நாணில் ஏற்றி, வில்லை நிலம் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏற்றியதும் பிழைதான். நான் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகனுடைய தொப்பியை எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சூப்பு வாசம் வந்தது. இங்கே எல்லா வீட்டு மேசையிலும் ஒரு சின்னப் போத்தலில் இருக்குமே, சூப்புக்குள் சொட்டுச் சொட்டாக விடும் மண்ணிறச் சாறு, அதே வாசம். இவர் தேத்தண்ணிக்குப் பதிலாக சூப்பைக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். 'பசிக்குது போலை' என்று திரும்பியும் பார்த்தேன். இவர் வாங்கில் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிளாஸ்க் மூடியபடி இருந்தது.

திரும்பவும் முன்னால் பார்த்தபோது பற்றைக்கு வெளியே ஒரு பன்றி நின்றது.

ஒன்றைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் முதலில் பயப்படவில்லை. மாதக்கணக்காக ஸ்பொஞ் மிருகங்களையே பார்த்துப் பழகிய கண். 'இது புதுசு, எவ்வளவு வடிவாய்ச் செய்திருக்கினம், விலாவிலை சேறு கூடப் பூசியிருக்கினம்' என்றுதான் ஓடியது. பிறகு அதன் ஒரு காது அசைந்தது.

ஸ்பொஞ்சுக்குக் காது அசையாது.

அது பெரிது. நான் நினைத்திருந்ததை விடப் பெரிது. தலை மட்டும் உடம்பில் பாதி இருந்தது. முதுகு மயிர் ஈரத்தில் ஒட்டிக் குத்திட்டு நின்றது. மூக்கை உயர்த்தி எங்களை மணந்தது. பிறகு பல்லோடு பல்லை அடித்து ஒரு சத்தம் எழுப்பியது. கட்டையில் கத்தியைத் தட்டுவது போன்ற சத்தம். இப்போதும் யாராவது மரக்கறி வெட்டினால் எனக்குக் கழுத்துப் பின்புறம் குளிரும்.

ஆரணி திரும்பினாள். வில்லும் அவளோடு திரும்பியது. நாண் இழுபட்டது. கை முட்டி, தோள், கன்னம், எல்லாம் பழக்கிய இடத்தில் போய் நின்றன.

"விடு!"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஆரணி நாணை மெல்ல, மிக மெல்ல, முன்னால் கொண்டு போனாள். வில்லைத் தாழ்த்தினாள். அம்பு இலைகளின் மேல் சத்தமில்லாமல் விழுந்தது.

பின்னால் இருந்து இவருடைய குரல் வந்தது. கத்தவில்லை. மகனைத் தாலாட்டும் குரல். "ஒருத்தரும் அசையாதேங்கோ. ஓடாதேங்கோ. அதின்ரை கண்ணைப் பாக்காதேங்கோ. அது போகும்."

இவருடைய தகப்பனுக்கு வவுனியாவுக்கு அப்பால் வயல் இருந்தது. பன்றி வந்தால் என்ன செய்வது என்று இவருக்குத் தெரியும் என்பதை நான் கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றுதான் அறிந்தேன்.

பற்றை மறுபடி அசைந்தது. குட்டிகள் வந்தன. அணில் முதுகு போல உடம்பெல்லாம் கோடு. ஒன்றன் பின் ஒன்றாகத் தாயின் வயிற்றுக்குக் கீழால் பாதையைக் கடந்தன. கடைசிக் குட்டி மட்டும் நின்றது. ஸ்பொஞ் மானிடம் போய், அதன் காலை மணந்து பார்த்து, ஒரு தள்ளுத் தள்ளியது. மான் ஆடியது. குட்டி வீரிட்டுக்கொண்டு ஓடியது. தாய் எங்களை இன்னொரு தரம் பார்த்தது. பிறகு திரும்பி, குட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டது.

சூப்பு வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அது பன்றியின் வாசம் என்று அப்போதுதான் விளங்கியது.

பிர்கிட் சரிவில் இருந்து ஓடி வந்தாள். அவளுடைய முகத்தில் சொட்டு நிறம் இல்லை. முதலில் ஆரணியைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னை. "பிள்ளை வில்லின் அம்பு அதன் தோலைத் தாண்டாது. கோபம்தான் வரும். குட்டியோடு நிற்கும் தாய்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "இழுத்த நாணைத் திருப்பி விடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பெரியவர்களுக்கே வராது. நீ என்ன சொன்னாய் அவளுக்கு? அந்தச் சொல் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். ஜேர்மன் சொல் வரவில்லை. தமிழ் விளக்கமும் வரவில்லை.

காருக்குள்

திரும்பி வரும்போது மறுபடி மழை பிடித்தது. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. மகன் நித்திரை.

"அம்மா விடச் சொன்னா. நான் விட்டிட்டன்" என்றாள் ஆரணி பின் இருக்கையில் இருந்து.

"என்னத்தைப் பிள்ளை?" என்றார் இவர்.

"பண்டியை. பாவம், அதுவும் ஒரு அம்மா."

அவளைப் பொறுத்தவரை அது ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கும் சொல். தம்பியின் தலைமயிரை விடு. பூனையின் வாலை விடு. ரிமோட்டை விடு. 'விடு' என்றால் கையை எடு, அதை அதன் பாட்டில் இருக்கச் செய். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது தெரியாது.

இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அம்பு நாணில் இருக்கும்போது, மிருகம் முன்னால் நிற்கும்போது, தமிழில் ஒருத்தி 'விடு' என்று கத்தினால் அதற்கு என்ன பொருள்?

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

வீட்டில், பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போன பிறகு கேட்டார். "நீர் என்னத்தை விடச் சொன்னனீர்?"

"தெரியேல்லை."

"தெரியாமல் எப்பிடி? உம்மடை வாய்தானே?"

"சத்தியமாத் தெரியேல்லை. உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு, அடி எண்ட மாதிரித்தான் கேட்டது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பிழை சொல்லேல்லை. தாய் எண்டா அப்பிடித்தான் சொல்லுவாள். அந்தப் பண்டியும் அதைத்தான் சொல்லியிருக்கும்" என்றார்.

அவர் என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"ஆனா இனி வில்லு வேண்டாம்" என்றார். "பண்டிக்குப் பயந்து சொல்லேல்லை. பயம் வந்த உடனை அவளின்ரை கை ஆயுதத்தோடை திரும்பினது. நீர் கண்டனீர்தானே. அதுதான் எனக்குப் பயம். என்ரை தம்பியும் பயந்த பிள்ளைதான்."

கலியாணமாகி முதல் தடவையாக அவர் தம்பியைப் பற்றித் தானாகக் கதைத்தார்.

"ஆனா அவள் வில்லைக் கீழை பதிச்சவள்தானே. சுடாமல் பதிச்சவள்" என்றேன். அம்பைப் போய் 'சுடாமல்' என்று சொன்னது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் வாசலுக்குப் போனார். பிர்கிட் ஆரணிக்குத் தந்திருந்த வில்லை எடுத்து, நாணைக் கழற்றி, மழைக் கோட்டுகள் தொங்கும் கொக்கியில் மாட்டினார். எறியவில்லை. பத்திரமாகத்தான் மாட்டினார்.

ஒரு சொல், பல பொருள்

கோடை முழுவதும் அது அங்கேயே தொங்கியது. ஆரணி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கோட்டை எடுக்கும்போது மட்டும் வில்லை ஒரு தரம் தடவிவிட்டுப் போவாள். சோறு தின்னும்போது மறுபடி ஒரு காலில் நிற்கிறாள். நகம் கடிக்கத் தொடங்கியிருக்கிறாள். அது வில்லாலா, புது வகுப்பாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிர்கிட் இரண்டு தரம் கேக்கோடு வந்தாள். கேக்கில் அப்பிள் துண்டுகள் அடுக்கியிருந்தாள். எனக்கு மச்சம், மாமிசம் விலக்கு நாளா என்று முதலே கேட்டுவிட்டுத்தான் முட்டை சேர்த்தாள். "அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது. நீங்கள் இருவரும் சொன்னால் மட்டும்" என்றாள். வற்புறுத்தவில்லை.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் 'ஒரு சொல், பல பொருள்' படிப்பித்திருக்கிறார். படி, திங்கள், மாலை. அதோடு 'விடு'வும். பட்டம் விடு. மூச்சு விடு. கண்ணீர் விடு. பிழையை விடு. அம்பு விடு.

ஆரணி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அண்டைக்குப் பண்டி வரேக்கை நீங்கள் சொன்னது எந்த 'விடு'?"

இவர் மேசையில் இருந்தார். பேப்பரைத் தாழ்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பக்கமும் புரட்டவில்லை.

"கை கழுவிப்போட்டு வாங்கோ. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்" என்றேன். சாப்பிட்டோம். கதைக்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்க்கிறாள்.

'அம்பை விடச் சொன்னேன்' என்று சொன்னால், குட்டிகளோடு நின்ற ஒரு தாயை அடிக்கச் சொன்ன தாய் நான் என்று அவளுக்குத் தெரியும். தான் பிழையாக விளங்கியதால்தான் எல்லாரும் தப்பினோம் என்றும் தெரியும். அதை எட்டு வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? 'பன்றியை விடச் சொன்னேன்' என்று சொன்னால், அது பொய்யாக இருக்கலாம். பொய்யில்லாமலும் இருக்கலாம். 'தெரியாது' என்றால்? அம்மாவுக்கே தெரியாது என்பதை ஒரு பிள்ளை தாங்குமா?

நேற்று இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பைகளை எடுக்கும்போது இவர் சொன்னார்: "நீர் என்ன சொன்னாலும் அவள் வில்லைப் பதிச்சவள். அதை நான் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்." பிறகு, "ஞாயிறு எனக்கு வேலை இல்லை" என்றார். முடிவை என்னிடம் தந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது வேலை இல்லை என்று மட்டும்தான் சொன்னாரோ தெரியாது.

பிள்ளை வளர்த்தவர்களே, வளர்க்கிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பயந்த நேரத்தில் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லுக்குப் பிள்ளை பொருள் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? அந்தக் கொக்கியில் இருந்து வில்லை எடுத்துக் கொடுப்பீர்களா? றோசா அக்கா தன் பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டார், அது பரதம். மற்றவர்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கு முன் உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்காது என்பது தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

ஆரணியைப் போக விடவா?